மதுரையில் வெளியே சாப்பிட ஒரு முழு வழிகாட்டி: கடைப் பெயரைவிட மணிதான் முக்கியம்

மதுரைக்கு வருகிறவர்கள் "நல்ல கடை எது?" என்று கேட்பார்கள். "எத்தனை மணிக்குப் போகப்போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் போனால் பெயர் தெரியாத தெருமுனைக் கடைகூட அசத்தும். நேரம் தவறிப் போனால் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் புகழப்பட்ட கடையில்கூட ஆறிப்போனதுதான் கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டி கடைப் பட்டியலாக இருக்காது. சில கடைப் பெயர்கள் வரும், ஆனால் அவற்றைவிட எப்போது போவது, எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

படி 1: முதலில் மணியைப் பாருங்கள்

காலை 7 முதல் 10 வரை இட்லி, பொங்கல், பூரி, தோசைக்கான நேரம். பொங்கல் சாப்பிட நினைப்பவர்கள் 9 மணிக்குள் போய்விடுவது நல்லது. அதற்கப்புறம் அது இறுகிவிடும், வெந்நீரும் நெய்யும் விட்டு இளக்கித்தான் வைப்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு 12.30-லிருந்து 2 மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். 2.30 தாண்டினால் நல்ல தொடுகறிகள் தீர்ந்திருக்கும். 4 முதல் 6 வரை பலகார நேரம்: வடை, பஜ்ஜி, வெள்ளையப்பம், சூடான அல்வா.

இரவு 7 மணிக்குப் பரோட்டாக் கல் சூடேறும். கறி தோசையும் அப்போதுதான். 10 மணிக்கு மேல் வெளிச்சம் குறைந்த தெருக்களில்கூட ஆவி பறக்கும் இட்லித் தட்டைப் பார்க்கலாம். தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும் என்பது அந்தந்த நாளின் போலீஸ் கெடுபிடியைப் பொறுத்தது. நள்ளிரவை நம்பிப் பட்டினி கிடக்க வேண்டாம்.

இந்த நேரக்கணக்குக்குக் காரணம் இருக்கிறது. பரோட்டா மாவைப் பகலில் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஊறவிடுகிறார்கள். சால்னாவுக்கு எலும்பு வெந்து சாறு இறங்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தயாராவது சாயங்காலம்தான். மதியம் ஒரு மணிக்குப் பரோட்டா கேட்டால் சில இடங்களில் கொடுப்பார்கள். அது எப்போது போட்டது என்று நாமே யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 2: எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யுங்கள்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்தது. உள்ளிருந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கு வெளியே வெளி வீதி. கோயிலை ஒட்டிய தெருக்களிலும், மேலமாசி வீதி, டவுன் ஹால் ரோடு, ரயில் நிலையம் பக்கமும் சைவ ஓட்டல்கள் நிறைய. சிங்கப்பூர் வரை கிளை விரித்த முருகன் இட்லி கடை தொடங்கியது இந்த ஊரில்தான்.

வடக்கு வெளி வீதி, சிம்மக்கல் பக்கம் வந்தால் கறிக்கடைகள். கறி தோசைக்குப் பெயர் வாங்கிய கோனார் கடை அங்கேதான். வைகையைத் தாண்டி வடகரைக்கு, அதாவது கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் போனால் மெஸ்களின் ராஜ்யம். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று ஊர் பெயர் சொல்லும் அசைவ மெஸ்கள் பலவும் வளர்ந்த இடம் அதுதான். ஜிகர்தண்டாவுக்குக் கீழவாசல், விளக்குத்தூண். குடும்பத்தோடு ஏசியில் சாவகாசமாக உட்கார வேண்டும் என்றால் அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு.

மாசி வீதிகளுக்குள் கார் கொண்டுபோகாதீர்கள். நிறுத்த இடம் தேடுவதிலேயே பசி போய்விடும். பெரியார் பேருந்து நிலையம் பக்கம் இறங்கி நடப்பது உத்தமம், இல்லையென்றால் ஆட்டோ. சித்திரைத் திருவிழா நாட்களில் ஆட்டோவும் உள்ளே போகாது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சாப்பிடப் போகலாம் என்று திட்டமே போடாதீர்கள்.

படி 3: உட்காரும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்

பெரிய போர்டையும் நட்சத்திர மதிப்பெண்களையும் விடுங்கள். நான் பார்ப்பது இவைதான். கல்லில் வேலை நடக்கிறதா, அல்லது போட்ட பரோட்டா அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? பார்சல் வாங்க நிற்பவர்கள் அந்தத் தெருக்காரர்களா? கைலியோடு, கையில் தூக்குவாளியோடு ஆள் நின்றால் நம்பி உள்ளே போகலாம். கை கழுவும் இடம் எப்படி இருக்கிறது? அது சுத்தமாக இருந்தால் சமையல்கட்டும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

கல்லாவுக்குப் பின்னால் உணவுப் பாதுகாப்பு உரிமச் சான்று மாட்டியிருக்க வேண்டும், 14 இலக்க எண்ணோடு. இல்லாவிட்டால் சாப்பாடு மோசம் என்று அர்த்தமில்லை. இருந்தால் மட்டும் ருசி வந்துவிடும் என்றும் இல்லை. ஆனால் பெரிய கடையில் அது இல்லையென்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

ஞாயிறு மதியம் எந்த அசைவ மெஸ்ஸிலும் நிற்கத்தான் வேண்டும். சாப்பிடுபவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கே யாருக்கும் தப்பாகப் படாது. அதைத் தாங்க முடியாதவர்கள் 12.15-க்கே போய்விடுங்கள். புரட்டாசி சனிக்கிழமையில் கூட்டம் குறைவு, கவனிப்பு அதிகம்.

படி 4: மெஸ்ஸில் மதியச் சாப்பாடு: தட்டு வரும்போது நிதானம்

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டு பொரியல் வைத்து, சோறு கொட்டுவதற்குள் ஒருவர் பெரிய தட்டோடு வந்து நிற்பார். தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள், குட்டித் தட்டுகள். மட்டன் சுக்கா, கோலா உருண்டை, ஈரல், குடல், மூளை, தலைக்கறி, நெஞ்செலும்பு, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), நாட்டுக்கோழி, வறுத்த மீன், இறால், நண்டு. எல்லாம் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். "அண்ணே, எதை வைக்க?" என்பார். பசியில் இருப்பவர் "அது, அது, அது" என்று விரலை நீட்டுவார். பில்லில் சாப்பாட்டைவிடத் தொடுகறி மூன்று மடங்கு வரும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் விலையைக் கேளுங்கள். "சுக்கா எவ்வளவுண்ணே?" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம், ஊர்க்காரர்களும் கேட்பார்கள். முக்கியமாக அயிரை மீன், நண்டு, மூளை, சுவரொட்டி ஆகியவற்றுக்கு. அப்புறம், இரண்டு பேருக்கு இரண்டு தொடுகறி போதும். குழம்புகளே வரிசையாக வரப்போகின்றன: கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன் குழம்பு, சில இடங்களில் நண்டுக் குழம்பும். ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி சோறு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழம்பிலேயே சோற்றை முடித்துவிட்டால் ரசத்துக்கு வயிற்றில் இடமிருக்காது. அந்த மிளகு ரசத்தை விடுவது பெரிய நஷ்டம்.

வேண்டாத கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனால் உடனே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கை படாமல் இருந்தாலும், மேசையில் இருக்கும் கிண்ணங்களை எண்ணித்தான் சில இடங்களில் பில் போடுகிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் கணக்கில் மதுரைக்கு வந்தவர் முதலில் சாப்பிட வேண்டியது மட்டன் சுக்காவும் கோலா உருண்டையும். சுக்கா என்றால் குழம்பு வற்றி, மிளகும் எண்ணெயும் கறியில் ஒட்டியிருக்க வேண்டும். கிண்ணத்தில் சாறு நின்றால் அது சுக்கா இல்லை. கோலா உருண்டையைப் பிட்டால் உள்ளே கொத்துக்கறி ஈரமாக இருக்க வேண்டும். காலையில் பொரித்து வைத்தது கல்லாகியிருக்கும்.

அயிரை மீன் குழம்பு தனி விஷயம். விரல் நீளத்துக்கும் குறைந்த மீன், சேற்றில் வாழ்வது. உயிரோடு வாங்கி, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு, மண்ணைக் கக்க வைத்துத்தான் சமைப்பார்கள். இந்த வேலையும் வரத்துக் குறைவும் சேர்ந்து விலையை ஏற்றிவிடுகின்றன. ஆனால் புளியும் சின்ன வெங்காயமும் ஊறிய அந்தக் குழம்பு வேறு எந்த மீனிலும் வராது. பல்லில் மண் நறநறத்தால் தயங்காமல் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

பிரியாணி? மதுரையிலும் சீரக சம்பா பிரியாணி நன்றாகக் கிடைக்கும். ஆனால் மெஸ்ஸுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைத் திண்டுக்கல்லுக்கு விட்டுவிடலாம்.

படி 5: இரவு, கல்லுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்

பரோட்டாக் கடையில் நல்ல இடம் ஃபேனுக்குக் கீழே இல்லை, கல்லைப் பார்த்த மாதிரி இருக்கும் இடம்தான். மாஸ்டர் பரோட்டாக்களை எடுத்து அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் ஓங்கித் தட்டுவார். பதமாக வெந்திருந்தால் அந்த அடியில் அடுக்கு பிரிந்து பூவாக விரியும். விரியாமல் தட்டையாகக் கிடந்தால் மாவு சரியாக ஊறவில்லை. அப்படியென்றால் கொத்து பரோட்டாவாக வாங்கிக்கொள்ளலாம், கொத்தில் எல்லாம் மறைந்துவிடும்.

வகைகள் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. வீச்சு என்றால் மெல்லிசாக வீசி மடித்தது. அதற்குள் முட்டையோ கறியோ வைத்து மடித்தால் லாப்பா. பன் பரோட்டா சிறியதாக, உப்பலாக, வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக இருக்கும். சாத்தமங்கலம் ஆவின் பக்கத்துக் கடையால் பிரபலமாகி, இப்போது ஊரெங்கும் பலகை வைத்துவிட்டார்கள். பன் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். தொட்டுச் சாப்பிடும் பண்டம் இல்லை அது.

சால்னா எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள், காசு கிடையாது. கறித்துண்டு வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். "சால்னாவில் காரம் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்காதீர்கள், அண்டாவில் ஏற்கெனவே கொதித்தது அது. காரம் ஆகாதவர்கள் வெங்காயத் தயிர்ப்பச்சடி கேட்கலாம். பிள்ளைகளுக்குப் பரோட்டாவைப் பிய்த்துச் சீனி தொட்டுக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எந்தக் கடையிலும் ஒரு கிண்ணம் சீனி கிடைக்கும்.

முட்டைக்கு ஒரு தனி அகராதி உண்டு. ஆஃப்பாயில் எல்லோருக்கும் தெரியும். கலக்கி என்பது முட்டையை அடித்து, உப்பும் மிளகும் சேர்த்து, சில இடங்களில் ஒரு கரண்டி சால்னாவும் விட்டு, சூடான கல்லில் ஊற்றிய கையோடு மடித்து எடுப்பது. உள்ளே இளகியே இருக்கும். கரண்டி ஆம்லெட் குழிக்கரண்டியில் ஊற்றிச் சுடுவது, கனமாக, பஞ்சு போல வரும். இரவில் லேசாக ஏதாவது போதும் என்றால் இரண்டு இட்லியும் ஒரு கலக்கியும் போதும், வயிறு வாழ்த்தும்.

கறி தோசை கேட்டால் பத்து நிமிடம் காத்திருக்கத் தயாராக இருங்கள். ஊத்தப்பம் போலக் கனமாக மாவை ஊற்றி, மேலே முட்டையைப் பரப்பி, அதன்மேல் வதக்கிய கொத்துக்கறியை நிறைய வைத்து, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டு அழுத்துவார்கள். மூன்றும் ஒன்றோடொன்று பிடித்து, கறி பட்ட பக்கம் லேசாகக் கருகி வரும். ஓர் ஆளுக்கு ஒன்றே தாராளம். இதற்குமேல் பரோட்டா சொல்லாதீர்கள். வெளியூர் நண்பர்கள் யாரும் இந்தப் பேச்சைக் கேட்பதில்லை.

படி 6: சைவம் மட்டும் என்றால்

மதுரை என்றாலே கறி என்று நினைத்துச் சைவர்கள் முகம் வாட வேண்டாம். காலை டிபனும் சாயங்காலப் பலகாரமும் முழுக்க உங்களுக்குத்தான். மேலச் சித்திரை வீதிப் பக்கத்தில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பம் பல தலைமுறைக்காரர்கள் சாயங்காலம் தேடிப்போகும் பண்டம். தெற்கு மாசி வீதி, திருமலை நாயக்கர் மகால் பக்கம் சௌராஷ்டிர மக்கள் வாழும் தெருக்களில் முள்ளுமுருங்கைக் கீரை அடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். பெரிய போர்டு இருக்காது, வீட்டு வாசலிலேயே கல் போட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பரோட்டாக் கடையில் "வெஜ் சால்னா" என்று கொடுத்தாலும் கல், கரண்டி எல்லாம் பொதுதான். அது ஒப்பாதவர்கள் தனிச் சைவ ஓட்டலுக்கே போவது நிம்மதி.

படி 7: குடிக்கவும் இனிப்புக்கும்

ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாலேடு கலந்த ஐஸ்கிரீம் இருக்கும். விளக்குத்தூண் பக்கம் போனால் இதற்கென்றே கடைகள். சாப்பிட்டு முடித்த கையோடு குடிக்காதீர்கள், அதுவே ஒரு சாப்பாடு. பகல் 3 மணி வெயிலில் சின்ன டம்ளர் வாங்கிக் குடித்தால் அதன் அருமை தெரியும். கரண்டியால் கலக்கிவிட்டுக் குடியுங்கள், சர்பத்தெல்லாம் அடியில்தான் நிற்கும்.

ஜிகர்தண்டாவுக்குக் கிடைக்கும் பேர் பருத்திப்பாலுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டி, தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். பித்தளைப் பானையோடு தள்ளுவண்டி நிற்கும், சூடாகவே குடிக்க வேண்டும். சளிக்கும் தொண்டைக்கும் நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, மழைநாளில் அதை மிஞ்ச ஒன்றில்லை.

படி 8: ஊரைத் தாண்டி அரை நாள் இருந்தால்

அழகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். பெருமாள் கோயில் பிரசாதமான தோசை கனமாக, நெய் வாசத்தோடு இருக்கும். ஓட்டல் தோசையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம், அது வேறு ஜாதி.

தெற்கே விருதுநகர், ஒரு மணி நேரப் பயணம். அங்கே பரோட்டாவைக் கல்லில் சுடாமல் எண்ணெயிலேயே பொரிக்கிறார்கள். பர்மா கடை என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மொறுமொறுவென்று வரும் எண்ணெய் பரோட்டாவை நொறுக்கிப் போட்டுச் சால்னாவைக் கொட்டிக்கொள்ள வேண்டும். மதுரைப் பரோட்டாவா விருதுநகர்ப் பரோட்டாவா என்று இங்கே கேட்டால் சண்டை வரும். நான் மதுரைக்காரன், ஆனாலும் மழைக்கால இரவில் விருதுநகருக்குத்தான் ஓட்டு.

திருமங்கலம் பக்கத்தில் வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். தமிழ்நாடெங்கும் பார்க்கும் முனியாண்டி விலாஸ் ஓட்டல்களின் பூர்வீகம் அது. ஊர்க்காரர் ஒருவர் 1930களில் காரைக்குடியில் முதல் கடையைப் போட்டு, ஊர்ச் சாமி முனியாண்டியின் பெயரையே வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். தை மாதத் திருவிழாவுக்கு ஓட்டல்காரர்கள் ஊர் திரும்பி, ஆட்டுக்கிடாய்களும் சேவல்களும் அறுத்து, விடிய விடியப் பிரியாணி ஆக்கி, அதையே பிரசாதமாகத் தருகிறார்கள். ஜாதி, ஊர் பார்க்காமல் யார் வந்தாலும் கிடைக்கும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். விடிந்தவுடன் போய் நிற்க வேண்டும், பாத்திரம் எடுத்துக்கொண்டு.

நெடுஞ்சாலையில் பேருந்து நிறுத்தும் மோட்டல்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அங்கே இட்லி கேட்டுவிட்டு விலையைப் பார்த்து மயங்கி விழாதவர் குறைவு. டீயும் பிஸ்கட்டும் போதும்.

படி 9: பில்லைப் படியுங்கள்

சின்ன மெஸ்ஸில் பரிமாறியவரே மனக்கணக்காகச் சொல்லி, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனாலும் தொடுகறியை மட்டும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

2017 நவம்பர் முதல் சாதாரண ரெஸ்டாரண்டுகளில் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "ஏசி ஹால், அதனால வரி அதிகம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏசி ஹாலுக்குச் சாப்பாட்டு விலையையே கூட்டி வைத்திருந்தால் அது வேறு கதை, மெனு கார்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம்) இருக்கும் சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. பேசித் தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மதுரையில் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொன்னாலே திருத்திவிடுவார்கள்.

டிப்ஸ் உங்கள் இஷ்டம். இலையில் நன்றாகக் கவனித்தவர் கையில் நேரே கொடுங்கள், கல்லாத் தட்டில் விட வேண்டாம்.

படி 10: பார்சல் வாங்குவது

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் கொதிக்கும் சால்னாவை மெல்லிய பையில் ஊற்றி முடிச்சுப் போடும் பழக்கம் முழுசாகப் போகவில்லை. தூக்குவாளியோ எவர்சில்வர் டிபன் கேரியரோ கொண்டுபோங்கள். பாத்திரத்தை நீட்டுகிறவருக்குச் சால்னா கூடுதலாகவே விழும்.

பரோட்டா வாழை இலையில் கட்டியதாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கறி தோசை பார்சலுக்கு ஆகாது. இட்லி தாராளமாகத் தாங்கும், சட்னி தாங்காது. இரவு ரயிலுக்கு வாங்குவதானால் இட்லியோடு மிளகாய்ப் பொடி எண்ணெயில் குழைத்துத் தரச் சொல்லுங்கள். கடைசியாக, நிலையத்துக்கு எதிரே மேல வெளி வீதிப் பக்கம் பிரேம விலாஸில் கால் கிலோ சூடான அல்வா. வாங்கும்போதே நின்றபடி இலைத்துண்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள், ரயில் திண்டுக்கல் போவதற்குள் பொட்டலம் ஆறிவிடும்.